பலன்: ஒரு ஆள்

ஒரகடம் ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டித் தூங்கும் இடத்தைத் தாண்டி, டயர் குடோனுக்கும் எடைமேடைக்கும் நடுவே இரண்டு ஏக்கருக்குப் புல்லை வளர்த்து ஒருவர் ஓட்டல் நடத்துகிறார். அவர் பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் எத்தனை கொரியாக்காரர்கள் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்தவராக இருக்க வேண்டும். அவர் இரண்டாவது ரகம். வாசல் பலகையில் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. லாரி டிரைவர்களுக்கு அது புல்லு ஓட்டல். உள்ளே அல்லிக்குளம், மூங்கில் புதர், மரத்துக்கு மரம் மஞ்சள் விளக்கு, விளக்குக்கு ஒரு மேசை. மேசைக்கு மேசை அவ்வளவு தூரம் விட்டிருப்பதைப் பார்த்தால், சாப்பிட வருகிறவர்கள் எல்லோருமே ஒருவருக்கொருவர் பகையாளிகளோ என்று தோன்றும்.

அந்தப் புல்லில் ஷூவோடு நடக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டான் மாரிமுத்து.

"இன்னாங்க, கோயிலா இது? வாங்க உள்ள," என்றாள் சசிகலா. வீட்டில் 'யோவ்' என்று கூப்பிடுகிறவள். புல்லைப் பார்த்ததும் 'ஏங்க, வாங்க' ஆகிவிட்டாள். கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். ஹீல்ஸ் இரண்டும் புல்லுக்குள் இறங்கி இறங்கி எழுந்ததில், நாற்று நடப் போகிறவள் மாதிரி நடந்துவந்தாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை.

களை வராமல் எப்படி? கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் யோசனைப் போட்டியில் அவள் புருஷனுக்கு முதல் பரிசு. புல்லு ஓட்டலில் ஜோடியாக ஒரு மாலை விருந்து. நோட்டீஸ் போர்டில் அவன் போட்டோ. அதை அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்; அங்கேதான் அதிசயம் நடந்தது.

மாரிமுத்துவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். சசிகலா மணிமங்கலத்துக்காரி. கம்பெனி பஸ்ஸில் பார்த்து, பஸ்ஸிலேயே பேசி முடித்த கல்யாணம். அவள் அப்பா தணிகாசலம் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. விலை படியாத சரக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகருகிறவர் மாதிரி இரண்டு வருடமாக நகர்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால், "அந்தத் தம்பிக்கு மோர் குடு" என்பார். மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. நோட்டீஸ் போர்டு போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான், 'வாழ்த்துகள் மாப்ள' என்று மூன்று கைதட்டலோடு அனுப்பினார். அதைக் காட்டும்போது சசிகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா யோவ், மாப்ளன்னு போட்டுக்கீறாரு."

அன்றிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் மாரிமுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கிறான். பொத்திய கை வியர்க்கத்தானே செய்யும்? பரிசு வாங்கிய யோசனை அவனுடையது இல்லை.

சர்வர்களை மேய்க்கும் கேப்டன் அந்தோணிராஜ் வந்து, குளத்தைப் பார்த்த மேசையில் உட்கார வைத்தார். துணி நாப்கினைக் கொக்கு மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். சசிகலா பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்த்து, கொக்கைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள். மாரிமுத்து அவளைப் பார்க்காமல், கொக்கின் கழுத்தைத் தன் சட்டைக் காலருக்குள் சொருகிக்கொண்டான்.

"ஷோக்கா கீதுங்க," என்றாள். "சூப்புல இலை மெதக்குது பாருங்க. துன்றதா, தூக்கிப் போடுறதா?"

"எனக்கு என்ன தெரியும்? மொதல்ல நீ பண்ணு, பாத்துட்டுப் பண்ணுதேன்."

அவள் சிரித்தாள். அப்போதுதான் குளத்துக்கு அந்தப் பக்கம், மூங்கில் மறைவில் இருந்த சமையல்கட்டிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, மேலே மெரூன் கோட்டு, வலது தோளில் பெரிய தட்டு. கற்பாதையில் நடந்து வரும்போது நாலு எட்டுக்கு ஒருமுறை இடது முட்டி லேசாக மடங்கி நிமிர்ந்தது.

மாரிமுத்து ஸ்பூனைச் சூப்பிலேயே விட்டுவிட்டான். அந்த நடையை ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவனால் சொல்ல முடியும். கொம்பையா அண்ணாச்சி.

கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அப்போது கொம்பையாவுக்கு ஒரே வேலைதான். மெஷினில் அடித்து விழும் இரும்புத் துண்டுகளை ட்ரேயில் நிரப்பி, இருபத்திரண்டு எட்டு நடந்து வெல்டிங்கில் இறக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு நடைக்குக் குறையாது. முட்டி விட்டுப்போன பிறகு ஒரு நாள் ஸ்க்ராப்பில் கிடந்த பழைய உருளைகளைப் பொறுக்கிவந்து, கம்பியால் கட்டி, ஒரு முனைக்குச் செங்கல் கொடுத்துச் சரிவாக வைத்தார். ட்ரே தானாக உருண்டுபோய் வெல்டிங்கில் நின்றது. லைனே கைதட்டியது. ஆனால் யோசனை ஃபாரம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான். ஃபாரத்தில் முதல் கட்டமே பணியாளர் எண். கான்ட்ராக்ட் ஆளுக்கு எண் கிடையாது, கழுத்தில் ஒரு மஞ்சள் டேக் உண்டு.

"ஒம் பேருல போடுலே மாரி. பாஸ் ஆச்சுன்னா உருளைய நெலையா மாட்டித் தருவானுவ. எம் முட்டி பொழைச்சுக்கிடும்," என்று அவரேதான் சொன்னார்.

அதுவரை யார் மீதும் குற்றமில்லை. குற்றம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பிரச்சினை, தீர்வு, பலன். பலன் என்ற இடத்தில் 'முட்டி வலி குறையும்' என்று எழுதினால் ஐந்து மார்க். அதற்கு எவனும் புல்லு ஓட்டல் தரமாட்டான் என்பது லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்க் விழ வேண்டுமென்றால் வேறொன்று எழுத வேண்டும். மாரிமுத்து எழுதினான்: 'பலன்: ஒரு ஆள் மிச்சம்.'

ஒரு மாதத்தில் உருளையை நிலையாக மாட்டினார்கள். மறுவாரம் கொம்பையாவின் மஞ்சள் டேக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எங்கே போனார், என்ன ஆனார் என்று மாரிமுத்து யாரையும் கேட்கவில்லை. ஒருமுறை கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தான்: கேட்டுக்கு வெளியே, டேக் இல்லாத கழுத்தோடு அவர் யாருக்கோ காத்து நின்றார். மாரிமுத்து குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். பஸ் சிங்கப்பெருமாள் கோவில் திருப்பத்தைத் தாண்டும்வரை கட்டிக்கொண்டே இருந்தான்.

"ஏம்மா, கொசு பிடுங்குது. அந்த உள்பக்கத்து மேசைக்குப் போயிருவோமா?"

"கொளத்த பாத்துக்கினு துன்னணும்னு குந்திக்கினு கீறேன், உள்ள போலாம்றீங்களே. கொசு உங்கள மட்டும்தான் கடிக்குதா?" என்றவள், கற்பாதையில் வந்தவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "அண்ணா! ஒரு போட்டோ எடுங்களேன்."

மாரிமுத்து மெனு அட்டையைத் தூக்கினான். ஆனால் அது ஒற்றை அட்டை, ஒரு ஆளை மறைக்கிற அகலம் அதற்கு இல்லை.

கொம்பையா தட்டைப் பக்கத்து மேசையில் இறக்கிவிட்டு, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். போனுக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தார். போனை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தார்.

"ஏலே, மாரியா?" முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அடுத்த நொடி கேப்டன் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒக்காரு, ஒக்காரு. எந்திரிக்காத. கஸ்டமர் எந்திரிச்சா எனக்குத்தான் ஏச்சு விழும். வீட்டுக்காரியாலே இது? மகராசியா இருக்கணும் தாயி."

"அண்ணாச்சி…" என்றான் மாரிமுத்து.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள் சசிகலா.

"எங்க ஊருப் பக்கம். கம்பெனில… கொஞ்ச நாள் இருந்தாரு."

கொஞ்ச நாள் என்பது நாலு வருடம். கொம்பையா அதைத் திருத்தவில்லை. போனை உயர்த்தினார். "சிரிடே. காசு கேட்டு வந்தவனப் பாத்த மாதிரி முழிக்கியே." எடுத்தார். அந்தப் படத்தில் மாரிமுத்து சிரித்திருக்கிறானா, பல்வலியா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

சசிகலாவுக்குப் பெருமை பொங்கி வழியும் நேரம். ஊர்க்காரர் ஒருவர் வேறு கிடைத்துவிட்டார். "அண்ணா, உங்களுக்குத் தெரியுமா, இந்த சாப்பாடே இவரு மூளைக்குக் கெடச்சதுதான். ஏதோ உருளை வச்சிக்கீறாராம். ட்ரேவ ஆளு தூக்கவே தேவலையாம், அதுபாட்டுக்கு உருண்டுக்கினு போவுதாம். ஆபீசுல அசந்துட்டாங்களாம்."

மாரிமுத்து மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தான். நல்ல தையல். தலையில் இடி விழுகிறதென்றால் இப்போது விழட்டும் என்று காத்திருந்தான்.

"தெரியும் தாயி," என்றார் கொம்பையா. "நல்ல யோசனைல்லா அது." பிறகு அவன் பக்கம் குனிந்தார். விட்டுவந்த கன்றுக்குட்டியை விசாரிக்கிற குரல். "மூணாவது உருளை இன்னும் சிக்குதாடே?"

"சிக்குது அண்ணாச்சி."

"பேரிங் போயிருக்கும். ஸ்க்ராப்புல நீல டிரம்முக்குப் பொறத்த ரெண்டு உருளை கெடக்கு, எடுத்து மாட்டு. சரிவ மட்டும் எவனும் தொடாமப் பாத்துக்க. ஒரு விரக்கடை ஏறுனாலும் ட்ரேயும் ட்ரேயும் முட்டி, சாமான் நசுங்கிப்போவும். நான் மூணு நா வச்சு வச்சுப் பாத்த சரிவாக்கும்."

சசிகலாவின் அம்மா மீனம்மாள் படப்பை மார்க்கெட்டில் இருபது வருடமாகக் காய் விற்கிறவள். தராசுக்குப் பக்கத்திலேயே தூளி கட்டி வளர்த்த பெண்ணுக்கு, பேச்சும் சரக்கும் எங்கே ஒட்டவில்லை என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோ தெரிஞ்ச நீங்க, ஏண்ணா வேலைய வுட்டீங்க?"

"நான் எங்க தாயி விட்டேன்? இனி ஆள் வேண்டாம்னுட்டானுவ. ஜீவானந்தம்னு கான்ட்ராக்ட்காரன், கம்பெனிக்கும் அவந்தான் ஆள் அனுப்புதான், இங்கனயும் அவந்தான். ஆறு வாரம் சும்மா போட்டான், பொறவு இங்க தள்ளிவிட்டான். தூக்குததுதான் இங்கயும். அங்க இரும்பு, இங்க இட்லி மாதிரி என்னமோ ஒண்ணு, பேரு வாய்ல வரமாட்டேங்கு." சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ஏன்யா என்னைய நிப்பாட்டுனீயன்னு கேட்டேன். ஃபாரத்து ரெண்டாம் பக்கத்த போன்ல காட்டுனான். பலன், ஒரு ஆள் மிச்சம்னு எழுதியிருக்கு. ஒங் கம்பெனிக்காரன்தான் எழுதிக் குடுத்திருக்கான், என்னைய ஏன் கேக்கன்னுட்டான்."

மாரிமுத்து விரிப்பின் தையலில் நகத்தை ஓட்டினான்.

"மாரி எழுதல, அது எனக்குத் தெரியும்," என்று கொம்பையா அவசரமாகச் சொன்னார், அவன் மனசு நோகக் கூடாதென்று. "அவன் எழுத்துதான் லைன் ரிஜிஸ்டர்ல பாத்திருக்கேன்லா, கோழி கிண்டுன மாதிரி இருக்கும். இது முத்து முத்தா, அச்சு மாதிரி எழுத்து. ஆபீசுல ஏசில ஒக்காந்து எவனோ திருத்தி எழுதியிருக்கான். அந்தக் கை வெளங்குமா தாயி? ஒரு ஆளுன்னு எழுதுதியே, அந்த ஆளுக்கு ஒரு பேரு இருக்கும்னு ஒனக்குத் தோணல?" சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, சாப்பிடுத நேரத்துல என்னத்துக்கு. மீனு ரெடியாயிருக்கும், கொண்டாரேன்."

போய்விட்டார். நாலு எட்டுக்கு ஒருமுறை முட்டி மடங்க, கற்பாதையில் போய் மூங்கிலுக்குள் மறைந்தார்.

முத்து முத்தான எழுத்து எதிரேதான் உட்கார்ந்திருந்தது, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு. பிள்ளைப்பாக்கத்து வாடகை வீட்டில், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல ஃபாரத்தை நிரப்பியவள் சசிகலா. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். நடுவில் பேனாவை நிறுத்தி அவள் ஒரு கேள்வி கேட்டது அவர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"ஒரு ஆள்னா யாருன்னு கேட்டேனே," என்றாள்.

அவன் காலரில் சொருகிய நாப்கினை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இன்னா சொன்ன நீ அன்னிக்கி? சொல்லு."

"யாரும் இல்ல… சும்மா மார்க்குக்குன்னு சொன்னேன்."

"யாரும் இல்ல," என்றாள் அவளும், மெதுவாக. "உருளை?"

"அவருதுதான். அவருதான் எம் பேருல போடச் சொன்னாரு சசி, சத்தியமா."

"போடச் சொன்னாரு. அவர தூக்கிப் போடவும் அவரே சொன்னாரா?"

"இப்பிடி ஆவும்னு நெனைக்கல."

"நெனைக்கல? ஆளு மிச்சம்னா இன்னா ஆவும்னு ஆறு வருசம் லைன்ல நின்னவனுக்குத் தெரியாது? நானும் லைன்ல இருந்தவதான்யா." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "வேல போனதும் ஒருவாட்டி போய் பாத்தியா?"

"இல்ல."

"போனு?"

"இல்ல."

குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொரியாக் குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டியது. கைதட்டல் கேட்டது. சசிகலா மடியிலிருந்த நாப்கினை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஹீல்ஸைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு புல்லில் இறங்கி நேராக மூங்கிலை நோக்கி நடந்தாள்.

"சசி… எங்க போற? சசி!"

கொம்பையா மீன் தட்டோடு வெளியே வந்தார். அவர் எதிரே போய் நின்றாள். சத்தமாகவும் இல்லை, ரகசியமாகவும் இல்லை, மாரிமுத்து உட்கார்ந்த இடத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அண்ணா, அந்த ஃபாரத்த எழுதுன கை இதுதான். நான்தான் எழுதுனேன்."

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. அவள் நீட்டிய கையைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாக, விளக்கடியில் கழுத்தில் கொக்கைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

மாரிமுத்து பேசாமல் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பழியை ஒருத்தி தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அவன் மனசில் இருந்த வியாபாரி ஒரு கணம் அதையும் எடைபோட்டுப் பார்த்தான், உண்மையைச் சொன்னால். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பிற்பாடு அவன் அதிகம் கூசினான். எழுந்தான். நாற்காலி பின்பக்கமாகப் புல்லில் சாய்ந்தது. கேப்டன் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்க்க, புல்வெளியைக் குறுக்கே கடந்து போனான்.

"அண்ணாச்சி, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதச் சொன்னது நாந்தான். ஒங்கள மனசுல வச்சேதான் எழுதச் சொன்னேன். தெரிஞ்சேதான்."

மீன் தட்டு கொம்பையாவின் தோளில் இருந்தது. அவர் அதை இறக்கவில்லை. திட்டுவார், தட்டை முகத்தில் வீசுவார், குறைந்தபட்சம் 'ஏலே' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று மாரிமுத்து நின்றான். சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு காலில் விழுந்திருப்பான்.

கொம்பையா சசிகலாவைப் பார்த்துத்தான் பேசினார். "கைய உள்ள வையி தாயி. நான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாத."

பிறகு இவன் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. வாசலில் வரவேற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முகம் ஒன்று இருக்கும், அது இருந்தது.

"மேசைக்குப் போங்க சார். ஆறிரும்."

சார். நாலு வருடத்தில் ஒருநாள் கூட அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இருவரும் திரும்பி நடந்தார்கள். அந்தோணிராஜ் ஓடிவந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்து, "எதும் பிரச்சினையா சார்? சர்வீஸ்ல எதும் தப்பா?" என்று கேட்டார். "இல்ல சார், அவரு மேல ஒரு தப்பும் இல்ல," என்று மாரிமுத்து இரண்டு தரம் சொன்னான். கேப்டன் ஒரு தரத்திலேயே நம்பியிருந்தார்.

கொம்பையா வந்தார். வாழையிலையில் பொதிந்த மீனை முதலில் சசிகலாவுக்கு வைத்தார். இலையைப் பிரித்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, "சூடு தாயி, பாத்து," என்றார். மாரிமுத்துவுக்கு வைக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, முறைப்படி வைத்தார். "வேற எதும் வேணுமா சார்?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவர் போய்விட்டார்.

"போயிருவோம் சசி. என்னால முடியல."

"எங்க போறது? குந்து." அவள் தன் மீனைத் தொடவில்லை. போனை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். திரையில் அவள் அப்பா அனுப்பியிருந்த செய்தி: 'ஓட்டல் எப்படி கீது? போட்டோ போடு.' "அப்பாவுக்கு நீயே சொல்லு. நான் சொல்லி, அவரு திரும்பவும் அந்தத் தம்பின்றத என் காதால கேக்க மாட்டேன். நாளைக்கு ஆபீசுலயும் நீயே போய் சொல்ற. இன்னா பண்ணுவாங்களோ பண்ணட்டும்."

"சரி."

"இப்ப துன்னு."

"எறங்காது சசி."

"எறங்கும். அம்மாந்தூரத்துல இருந்து, முட்டி செத்த மனுசன் தூக்கிக்கினு வந்தது. மிச்சம் வச்சன்னா இங்கயே கத்துவேன்."

மாரிமுத்து இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மீனைப் பிட்டு வாயில் போட்டான். உப்பு, காரம், புளிப்பு எதுவும் தெரியவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, ஒவ்வொன்றும் அந்த நடையில், அந்த மரியாதையில் வந்தது. ஒன்றையும் விடாமல் தின்றான். அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவன் தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.